கட்டுமானத் தொழிலாளர் சீர்திருத்தம்: செஸ் வசூலானது, பயன் சேர்ந்ததா? பெங்களூரு காட்டும் நிலவரம்

பெங்களூரு: கட்டுமானத் தொழிலை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தவும், அதில் உழைப்போருக்குச் சமூகப் பாதுகாப்பு வழங்கவும் நாடாளுமன்றம் 1996-ஆம் ஆண்டு இயற்றிய இரு சட்டங்கள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இணைக்கப்பட்டுவிட்டன. சட்டத்தின் பெயர் மாறினாலும் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. கட்டடம் எழுப்புபவர் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 விழுக்காட்டையும் அதிகபட்சமாக 2 விழுக்காட்டையும் செஸ்ஸாகச் செலுத்த வேண்டும். அந்தப் பணம் மாநில நல வாரியத்தின் வழியாகக் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், வண்ணம் பூசுபவர் ஆகியோருக்கு உதவித்தொகையாகவும் ஓய்வூதியமாகவும் சென்று சேர வேண்டும்.

ஏறத்தாழ 30 ஆண்டுகளில் இந்தச் சீர்திருத்தம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்கப் பெங்களூரு பொருத்தமான நகரம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வருகைக்குப் பின் இங்குக் கட்டுமானம் ஓய்ந்த ஆண்டே இல்லை. ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இந்நகரின் கட்டுமானத் தளங்களில் பெரும் பங்கு வகித்தனர். பின்னர் ராய்ச்சூர், கலபுரகி, யாத்கிர் உள்ளிட்ட வட கர்நாடக மாவட்டத்தினரும், அடுத்து பீகார், மேற்கு வங்கம், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவரும் பெருமளவில் சேர்ந்தனர். நல வாரியம் என்ற ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இப்படி ஊர் விட்டு ஊர் வந்தவர்களிடமே தெளிவாகத் தெரிகின்றன.

சட்டம் பிறந்த கதை

கட்டுமானத் தொழிலாளிக்கு நிலையான முதலாளி இல்லை. இன்று ஒரு தளம், அடுத்த மாதம் வேறொரு தளம். கூலியைத் தருபவர் மேஸ்திரி. மேஸ்திரிக்குப் பணம் தருபவர் துணை ஒப்பந்ததாரர். அவருக்கு மேல் ஒப்பந்த நிறுவனம். அதற்கும் மேல் கட்டட உரிமையாளர். வருங்கால வைப்பு நிதியும் மாநிலக் காப்பீட்டுத் திட்டமும் ஆலைத் தொழிலாளியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. இந்தச் சங்கிலியில் கடைசியில் நிற்பவரை அவை எட்டவில்லை.

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலியும் பெறாமல் உழைத்தது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு, உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1980-களின் நடுப்பகுதியில், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயரைத் தலைவராகக் கொண்ட தேசியப் பிரசாரக் குழு, கட்டுமானத் தொழிலாளர்களுக்கு மத்தியச் சட்டம் வேண்டும் என்று நாடு தழுவிய இயக்கம் நடத்தியது. கேரளம் 1989-இல் தனக்கென நல நிதிச் சட்டம் இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைந்தது. மத்திய அரசு 1995 நவம்பரில் அவசரச் சட்டமும், 1996 ஆகஸ்டில் முழுச் சட்டமும் கொண்டுவந்தபோது தென் மாநிலங்கள் இரண்டு அந்தப் பாதையில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தன.

கர்நாடகம் அந்த வரிசையில் சேரத் தாமதமானது. அம்மாநில விதிகள் 2006-ஆம் ஆண்டே அறிவிக்கப்பட்டன. கர்நாடகக் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 2007 ஜனவரியில் அமைக்கப்பட்டது. மத்தியச் சட்டம் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் கடந்திருந்த காலம் அது. பெங்களூருவின் தொழில்நுட்பப் பூங்காக்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வேகமாக உயர்ந்த அந்தப் பத்தாண்டுகளில் உழைத்தவர்களுக்கு வாரியம் என்ற ஒன்றே இல்லை. இந்த இழப்பைக் கணக்கிட்டு ஈடுசெய்ய எந்த விதியும் இல்லை.

பணம் எப்படி நகர்கிறது

1996-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் கட்டுமானங்கள் ஒழுங்குமுறைக்கு உட்பட்டன. தன் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் செலவிட்டு வீடு கட்டும் தனிநபருக்கு விலக்கு உண்டு. செஸ் கணக்கில் நிலத்தின் விலை சேராது. அரசுப் பணிகளில் ஒப்பந்ததாரருக்குத் தரும் தொகையிலேயே செஸ் பிடித்தம் செய்யப்படும். தனியார் கட்டடங்களில், வரைபட ஒப்புதலின்போது உள்ளாட்சி அமைப்பு முன்கூட்டியே வசூலிக்கும். 10 கோடி ரூபாயில் ஓர் அடுக்குமாடி எழுந்தால் வாரியத்துக்குச் சேர வேண்டியது 10 லட்சம் ரூபாய்.

வாங்குவதில் இவ்வளவு எளிதாக அமைந்த ஏற்பாடு, கொடுப்பதில் அப்படி அமையவில்லை. பயன் பெற விரும்பும் தொழிலாளி 18 வயது நிரம்பியவராகவும் 60 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். அதற்குச் சான்றும் தர வேண்டும். அவர் தாமாக முன்வந்து விண்ணப்பித்து அட்டை பெற்று, அதைப் புதுப்பித்தும் வர வேண்டும். செஸ் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயனோ அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கண்ணி எதையும் சட்டம் போடவில்லை. ஒரு கட்டடத்துக்குச் செஸ் செலுத்தப்பட்டதாலேயே அங்கு வேலை செய்த ஐம்பது பேரின் பெயரும் வாரியப் பதிவேட்டில் ஏறிவிடுவதில்லை. இத்திட்டத்தின் மூலக் குறை இதுதான் என்று கொள்ளலாம். பின்னர் நிகழ்ந்த பலவற்றின் வேரும் இங்கேயே இருக்கிறது.

வேலை நிலைமைகளைப் பற்றியும் 1996-ஆம் ஆண்டு சட்டம் விரிவாகப் பேசியது. தளத்திலோ அதன் அருகிலோ இலவசத் தற்காலிகத் தங்குமிடம், 50-க்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், 250 பேரோ அதற்கு மேலோ இருந்தால் உணவகம், 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழு, கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி ஆகியவை அதில் அடங்கும். பெங்களூருவின் புறநகர் வட்டச் சாலையை ஒட்டிய காலி மனைகளில் வரிசையாக நிற்கும் தகரக் கொட்டகைகள், இவற்றுள் தங்குமிடம் பற்றிய பிரிவு எந்த அளவில் நிறைவேறுகிறது என்பதைக் கண்ணுக்கு முன் காட்டுகின்றன.

உச்ச நீதிமன்றத்தின் கணக்கு

சட்டம் செயல்படவில்லை என்று தேசியப் பிரசாரக் குழு 2006-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு 12 ஆண்டுகள் நடந்தது. இடையே, தொழிலாளர் நலனுக்கான பணத்தில் மடிக்கணினிகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்ட செய்தி 2017-இல் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தனர். நாள் முழுவதும் மணலும் ஜல்லியும் சுமப்பவருக்குச் சலவை இயந்திரம் எதற்கு, தகரக் கொட்டகையில் அதை எங்கே வைப்பது என்ற எளிய கேள்விகூடக் கொள்முதல் செய்தவர்களுக்கு எழாதது வியப்புக்குரியது.

2018 மார்ச் 19 அன்று நீதிபதிகள் மதன் பி.லோகூர், தீபக் குப்தா ஆகியோரைக் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்பட்டிருந்தும் சுமார் 9,500 கோடி ரூபாய் மட்டுமே செலவிடப்பட்டிருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மீதமுள்ள ஏறத்தாழ 28,000 கோடி ரூபாய் ஏன் தொழிலாளர்களைச் சென்றடையவில்லை என்றும் கேட்டது. கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தன்னால் அளிக்க முடிவது அடையாளப்பூர்வமான நீதி மட்டுமே என்ற வருத்தமும் தீர்ப்பில் வெளிப்பட்டது. மாதிரி நலத் திட்டம் ஒன்றை வகுக்குமாறும், சட்டம் செயல்படும் விதத்தைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்துமாறும் உத்தரவிடப்பட்டது. அதன்படி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அதே ஆண்டு மாதிரித் திட்டத்தை வெளியிட்டது.

எனினும் நிதி குவிவது நிற்கவில்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கவிருந்த 2020 மார்ச் 24 அன்று, மாநிலங்களின் செஸ் நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருப்பதாகவும், ஏறத்தாழ 3.5 கோடிப் பேர் பதிவு செய்திருப்பதாகவும் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தெரிவித்தது. அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களின் வங்கிக் கணக்குகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்புமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கால் நூற்றாண்டாகச் சேர்ந்த பணத்துக்கு முதல் பெரிய சோதனை அப்போதுதான் வந்தது.

2020 மே மாதத்தின் இரண்டு நாட்கள்

அந்தச் சோதனையில் கர்நாடகம் நடந்துகொண்ட விதம் இரு முகங்களைக் காட்டியது. மே 5 அன்று முதலமைச்சர் பி.எஸ்.எடியூரப்பா கட்டுமான நிறுவனங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அன்றே, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் இனித் தேவையில்லை என்று மாநில அரசின் சார்பில் தென்மேற்கு ரயில்வேக்குக் கடிதம் சென்றது. வேலைகள் மீண்டும் தொடங்குவதால் தொழிலாளர்கள் நகரிலேயே தங்குவது நல்லது என்பது அரசின் வாதம். ஊர் திரும்பக் காத்திருந்தவர்களைக் கட்டாயமாகத் தடுத்து நிறுத்துவதாகும் இது என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில நாட்களில் ரயில்கள் மீண்டும் இயக்கப்பட்டன.

மறுநாள் மே 6 அன்று, அதே அரசு 1,610 கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தது. மாநிலத்தில் 15.80 லட்சம் கட்டுமானத் தொழிலாளர்கள் பதிவு செய்திருப்பதாகவும், அவர்களில் 11.80 லட்சம் பேரின் கணக்குகளுக்கு ஏற்கெனவே தலா 2,000 ரூபாய் அனுப்பப்பட்டுவிட்டதாகவும் முதலமைச்சர் கூறினார். எஞ்சிய 4 லட்சம் பேருக்கு வங்கிக் கணக்கு விவரங்களைச் சரிபார்த்த பின் பணம் அனுப்பப்படும் என்றும், அனைவருக்கும் கூடுதலாக 3,000 ரூபாய் வழங்கப்படும் என்றும் அறிவித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 4 லட்சம். பதிவு செய்திருந்தவர்களிலேயே நான்கில் ஒருவருக்கு, பசியும் ஊரடங்கும் ஒருசேர வந்த நேரத்தில், பணம் அனுப்ப வாரியத்தின் கையில் சரியான கணக்கு விவரம் இல்லை. பதிவே செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. ரயில் நிலையங்களை நோக்கி நடந்த வெளிமாநிலத்தவரில் பெரும்பாலோர் அந்த இரண்டாம் வகையினர்.

கட்டுமானத் தொழிலாளர்கள் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர்களின் தேசியத் தரவுத்தளமாக இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமே பின்னணி. ஆயினும் இ-ஷ்ரம் பதிவும் நல வாரியப் பதிவும் ஒன்றல்ல. இ-ஷ்ரம் எண் வைத்திருப்பவர் வாரியத்தின் உதவித்தொகைக்குத் தாமாகவே தகுதி பெற்றுவிடுவதில்லை. இரண்டையும் ஒன்றென எண்ணி வாரியத்தில் பதியாமல் விட்டுவிடும் குழப்பத்துக்கு இது இடம் தருகிறது.

போலி அட்டையும் உண்மைத் தொழிலாளியும்

பதிவு எண்ணிக்கை கூடியபோது கர்நாடகத்தில் வேறொரு சிக்கல் முளைத்தது. கட்டுமானத் தளத்தில் ஒருநாளும் கால்வைக்காதவர்களும் அட்டை பெற்றனர். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, திருமண உதவி ஆகியவற்றைப் பெறுவது இதன் நோக்கம். 2023-இல் தொழிலாளர் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற சந்தோஷ் லாட், போலி அட்டைகள் பெருமளவில் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அட்டைகளைச் சரிபார்த்து நீக்கும் பணி தொடங்கியது.

இதற்கிடையே கல்வி உதவித்தொகை வெகுவாகக் குறைக்கப்பட்டு 2023 அக்டோபரில் அறிவிக்கை வெளியானது. உயர்கல்வி பயிலும் மாணவர்களுக்கு முன்பு 30,000 ரூபாய்க்குக் குறையாமல் கிடைக்கவிருந்த இடத்தில் 10,000 ரூபாய் அளவே மிஞ்சியது. தொழிலாளர்களின் பிள்ளைகள் கர்நாடக உயர் நீதிமன்றம் சென்றனர். முந்தைய அளவில் தொகையைப் பெறும் அவர்களின் உரிமையை நீதிமன்றம் ஏற்றது. போலிகளால் ஏற்பட்ட செலவை ஈடுகட்ட எல்லாருடைய தொகையையும் வெட்டுவது நிர்வாகத்துக்கு எளிய வழி. ஆனால் அதன் முழுச் சுமையும் விழுந்தது கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய சித்தாளின் மகள் மீது.

சரிபார்ப்பிலும் இடர் உண்டு. 90 நாள் வேலைச் சான்றைக் கட்டட உரிமையாளர், ஒப்பந்ததாரர், பதிவு பெற்ற தொழிற்சங்கம், அரசு அலுவலர் எனப் பலரும் தரலாம். காகிதம் செய்யத் தெரிந்தவருக்கு இது கடினமல்ல. இடைத்தரகரிடம் பணம் கொடுத்தால் சான்று வந்துவிடும். உண்மையில் சாரத்தின் மீது நின்று வேலை செய்பவருக்கோ, நான்கு மாதத்துக்கு முன் வேலை பார்த்த தளத்தின் மேஸ்திரியைத் தேடிப் பிடிப்பதே பெரும் பாடு. ஆவணங்களை இறுக்க இறுக்க, முதலில் வெளியேறுவது போலி ஆள் என்று சொல்லிவிட முடியாது.

பாபுசாப்பாளையா சொன்னது

நலத்தொகை ஒருபுறமிருக்க, உயிர்ப் பாதுகாப்பு இந்தச் சீர்திருத்தத்தின் மறுபாதி. 2024 அக்டோபர் 22 அன்று, கனமழைக்கு இடையே, கிழக்குப் பெங்களூருவின் பாபுசாப்பாளையாவில் கட்டப்பட்டு வந்த பல மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை 9 ஆக உயர்ந்தது. பீகார் உள்ளிட்ட வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்களில் அடங்குவர். ஒப்புதல் பெற்றதைவிடக் கூடுதல் தளங்கள் எழுப்பப்பட்டிருந்தது பின்னர் தெரிய வந்தது.

செஸ் ஏற்பாட்டோடு இந்த விபத்துக்கு உள்ள தொடர்பு நேரடியானது. தனியார் கட்டடத்தில் செஸ் வசூலும் ஒழுங்குமுறையும் வரைபட ஒப்புதல் என்ற ஒரே வாயிலில் தொடங்குகின்றன. ஒப்புதல் இல்லாத தளத்துக்கு வரைபடம் இல்லை. வரைபடம் இல்லாததால் முன்கூட்டிய செஸ் இல்லை. தொழிலாளர் துறையின் கோப்பில் அப்படியொரு வேலையே இல்லை. ஆபத்து மிகுந்த கட்டுமானமே சட்டத்தின் பார்வைக்கு மிகத் தொலைவில் நிற்கிறது. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேல் பெரும் பெங்களூரு ஆணையம் அமைந்திருக்கிறது. விதிமீறல்களைக் கண்காணிக்கும் பொறுப்பும் அதற்கேற்பப் பிரிந்துள்ளது.

புதிய தொகுப்புகளில் என்ன மாறுகிறது

29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய மாற்றத்தில், கட்டுமானத் தொழிலாளரின் நலநிதியும் செஸ்ஸும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், வேலை நிலைமைகள் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. இரண்டையும் நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வர ஐந்தாண்டுகள் ஆயின.

தொழிலாளிக்குச் சாதகமான மாற்றங்கள் உள்ளன. வேலைக்கு நியமனக் கடிதம் கட்டாயமாகிறது. அது உண்மையாகவே மேஸ்திரியின் கீழுள்ளவர் வரை சென்று சேர்ந்தால், 90 நாள் சான்று தேடும் அலைச்சல் பெரிதும் குறையும். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளி, ஒப்பந்ததாரர் அழைத்து வந்தவராக இருந்தால்தான் கணக்கில் வருவார் என்ற 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை விரிந்து, தாமாக வந்தவரும் அதில் சேர்கிறார். வேலை செய்யும் மாநிலத்தின் செஸ் நிதியிலிருந்து பயன் பெறவும் அவருக்கு வழிவகுக்கப்பட்டுள்ளது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பெங்களூருவில் பல ஆண்டுகள் கொத்துவேலை செய்பவரின் உழைப்புக்கான செஸ் கர்நாடக வாரியத்தில் சேர, அவருடைய அட்டையோ தமிழ்நாட்டில் இருப்பது இதுவரை கண்ட முரண். இந்தப் பிரிவு அதைத் தீர்க்கக்கூடியது. ஆனால் அதற்கு இரு மாநில வாரியங்களின் பதிவேடுகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

எதிர்த்திசையில் செல்லும் மாற்றங்களும் உள்ளன. சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு வரம்பு 10 லட்சம் ரூபாயிலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. 40 லட்சம் ரூபாயில் ஒருவர் தமக்கென வீடு கட்டினால் முன்பு வாரியத்துக்குச் சேர வேண்டியது 40,000 ரூபாய், இப்போது ஒன்றுமில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது நிம்மதி. ஆனால் 30-க்கு 40 அடி மனைகளில் வீடு கட்டுவது பெங்களூருவின் அன்றாடக் காட்சி. அத்தகைய தளங்களில் வேலை செய்வோர் பெரிய நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெறாதவர்கள்.

செஸ் தொகையைக் கட்டுபவரே கணக்கிட்டு, பணி முடிந்த 60 நாட்களுக்குள் செலுத்தும் தன்மதிப்பீட்டு முறையும் அறிமுகமாகியுள்ளது. முன்பு அலுவலர் மதிப்பிடுவார். தாமதத்துக்கு வட்டி உண்டு. ஆய்வாளர் என்ற பதவி ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ என மாறி, எந்தத் தளத்தை ஆய்வு செய்வது என்பதைக் கணினி வழித் தேர்வு முடிவு செய்யும் ஏற்பாடும் வருகிறது. அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும் என்பது இதற்கு ஆதரவான வாதம். புகார் வந்த தளத்துக்கு உடனே செல்லும் சுதந்திரம் குறையும் என்பது தொழிற்சங்கங்களின் கவலை. கட்டுமானச் செலவைக் குறைத்துக் காட்டுவதைக் கண்டுபிடிக்கும் திறன் வாரியங்களுக்கு வளராவிட்டால், தன்மதிப்பீடு வசூலையே சுருக்கிவிடக்கூடும்.

பழைய விதிகள் புதிய தொகுப்புகளோடு முரண்படாத அளவில் இடைக்காலத்தில் செல்லுபடியாகும். வாரியங்கள் கலைக்கப்படவில்லை, ஏற்கெனவே வழங்கப்பட்ட அட்டைகளும் இதனால் மட்டும் செல்லாமல் போய்விடுவதில்லை. பெங்களூருவில் பணிபுரிவோருக்குப் பன்னேர்கட்டா சாலையில் டெய்ரி சர்க்கிள் அருகே வாரியத்தின் தலைமை அலுவலகம் இயங்குகிறது. பதிவும் புதுப்பித்தலும் இணையவழியில் நடைபெறுகின்றன. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருப்பதும், 90 நாள் வேலைச் சான்றும் இதற்கு அவசியம். அட்டையைக் காலாவதியாக விட்டவரும், ஓர் ஆண்டில் 90 நாள் வேலையைக் காட்ட முடியாதவரும் உறுப்பினர் தகுதியை இழக்க நேரும். 60 வயதை எட்டும் தருணத்தில் அட்டை நடப்பில் இருப்பதும், அதற்கு முன் உறுப்பினராக இருந்த ஆண்டுகளும் ஓய்வூதியத்துக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவதால், ஐம்பதைக் கடந்தவர்கள் புதுப்பித்தலைத் தவறவிடுவது பெரும் இழப்பாக முடியும்.